பள்ளிக்கரணை வீட்டு கேட்

ஆன்லைனில் வாங்கிய சாமான் வந்து அன்று ஏழாவது நாள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதற்கு அன்றைக்கு ராத்திரி வரைதான் கெடு.

இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த உதயாவிடம் கணவன் குமரவேல் அதை நினைவுபடுத்தினான். குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"உனக்கு ஒத்துவரலன்னா வுட்டுடு, உதயா. சாயங்காலம் வந்து நானே பேக் பண்ணி அனுப்பிடறேன். இதுக்குப் போய் எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு இருக்க?"

அவள் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பைப் வாங்கக் கிளம்பிப் போனான். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு என்பதால் மாமியார் கங்கையம்மாள் பேத்தி தீபாவைக் கூட்டிக்கொண்டு படப்பையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு முந்தின நாளே போய்விட்டார். வீட்டில் உதயாவும் மாமனார் சுப்பராயலுவும் மட்டும்தான்.

விவகாரம் தொடங்கியது போன மாதம். ராஜகீழ்ப்பாக்கத்து ஸ்ரீநிவாசன் சார் இவர்களுடைய இரும்பு கேட் கடைக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டி, நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் படத்தில் விரலை வைத்து இந்த மாதிரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்து, வேனில் ஏற்றி, அவர் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தபோது முகம் சுருங்கிவிட்டது. படத்தில் நன்றாக இருந்தது, தன் வீட்டுக்கு வைத்தால் ஜெயில் மாதிரி இருக்கிறது என்றார். அந்த கேட் இன்னமும் செம்பாக்கத்துப் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

அன்றைக்குத்தான் குமரவேலுக்கு அந்த யோசனை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உதயா குரோம்பேட்டையில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவள். அவரவர் வீட்டு போட்டோ மேலேயே கேட்டை வரைந்து முன்கூட்டியே காட்டிவிட்டால் இந்த வம்பெல்லாம் வராது அல்லவா? ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைவான, ஆனால் நாலு பேர் நல்லபடியாக எழுதியிருந்த ஒரு டிராயிங் டேப்லெட்டைத் தேடிப்பிடித்து, அவளிடம்கூடச் சொல்லாமல் ஆர்டர் போட்டுவிட்டான்.

வந்தது கறுப்பாக, ஸ்கூல் சிலேட் அளவுக்கு இருந்தது. அதில் திரை கிடையாது. லேப்டாப்பில் ஒயரைச் சொருகி, சிலேட்டு மேல் பேனாவால் வரைய வேண்டும். கோடு லேப்டாப்பில் தெரியும்.

கை ஓரிடத்தில், கண் வேறோரிடத்தில். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் உதயாவின் கண் தன்னை அறியாமலே கைக்குப் போய்விடும். நிமிர்ந்து பார்த்தால் கோடு எங்கேயோ மூலைக்கு ஓடியிருக்கும். மூன்றாம் நாள் வட்டம் போட்டுப் பார்த்தாள். முட்டை வந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் முட்டை. சிலேட்டின் நீள அகலமும் திரையின் நீள அகலமும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுபிடித்து, செட்டிங்கில் ஒரு கட்டத்தில் டிக் போட்ட பிறகு வட்டம் வட்டமானது. வழுக்கிக்கொண்டு போன பேனாவுக்கு, சிலேட்டு மேல் ஒரு வெள்ளைத் தாளை டேப் போட்டு ஒட்டினாள். பிடிமானம் கிடைத்தது.

ஆனால் போட்டோவைத் திறந்து அதன்மேல் வரையத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. அவள் கோட்டைப் போட்டு முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் திரையில் கோடு வரும். வருவதும் நடுங்கிக்கொண்டு வரும். நேற்று இரவு குமரவேல் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் படுக்கப் போனான். தன் கைதான் மறந்துவிட்டது, ஏழு வருஷம் சும்மா இருந்தால் எந்தக் கையும் இப்படித்தான் ஆகும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

அவள் பழகிக்கொண்டிருந்த போட்டோ யாருடைய வீடு என்பது வேறு ஒரு கதை.

அது நாத்தனார் தேவதர்ஷினியின் வீடு. வீட்டில் தேவி என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கும் லாசரஸை அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். சுப்பராயலு சத்தம் போடவில்லை. அடிக்க ஓடவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அன்றையிலிருந்து மகள் பெயரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அப்பா ஒரு தடவை கூப்பிடட்டும் என்று மகளும், மகள் ஒரு தடவை வரட்டும் என்று அப்பாவும் இருந்துவிட்டார்கள். கங்கையம்மாள் மட்டும் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாதம் ஒரு தடவை பள்ளிக்கரணைக்கு பஸ் ஏறுவார். அது எந்தக் கோயில் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

தேவி அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். டேப்லெட் வந்த செய்தி தெரிந்ததும் அவளாகவே வாசல் போட்டோவை அனுப்பிவைத்தாள். பழகிப் பார்க்க என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணி, நாணல் மாதிரி ஒரு டிசைன் போடுங்கள், கேட்டை வேறு எங்கேயாவது செய்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு உதயாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்து மணிக்கு உதயா லேப்டாப்பையும் டேப்லெட்டையும் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக் கடைக்கு வந்தாள். வெல்டர் ஏசுபாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு லீவு. கடையை ஒட்டிய பட்டறை சத்தமில்லாமல் கிடந்தது. மாமனார் டீ குடிக்கப் போயிருந்தார்.

கடைசியாக ஒரு தடவை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் போட்டோவைத் திறந்தாள். திறக்கவே அரை நிமிஷம் பிடித்தது. அந்த அரை நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. தேவியின் புது போனில் எடுத்த போட்டோ அது. வாசலை மறைத்திருந்த தகரத்தில் துரு ஏறிய இடம்கூட எண்ணி எடுக்கிற மாதிரி அத்தனை பெரிசு. அதைத் தூக்கிக்கொண்டு இந்தப் பழைய லேப்டாப் எப்படி ஓடும்?

போட்டோவின் அளவைக் கால்வாசியாகக் குறைத்தாள். பேனாவை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.

கோடு கூடவே வந்தது.

இன்னொன்று இழுத்தாள். லேசாக அழுத்தினால் மெலிந்தும், நன்றாக அழுத்தினால் தடித்தும், அவள் கை போன இடத்துக்கெல்லாம் வந்தது. கையில் ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போனதாக நினைத்திருந்த கை. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்லவேளை, கடையில் யாரும் இல்லை.

சுப்பராயலு வந்தபோது வாசலின் ஒரு பாதியில் ஏழெட்டு நாணல் தண்டுகள் எழும்பி நின்றன.

அவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையை உற்றுப் பார்த்தார். போட்டோவில் ஆள் யாரும் இல்லை, வீடும் அவர் பார்க்காத வீடு, பயப்பட எதுவும் இல்லை என்று உதயா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"யார் வூடும்மா இது?"

"தெரிஞ்சவங்க வீடு மாமா. பள்ளிக்கரணையில. சும்மா பழகிப் பாக்கத்தான்."

"ம்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த ஏழு நாளில் அவர் அந்தக் கறுப்புச் சிலேட்டைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பசங்க விளையாட்டு என்பது அவர் கணிப்பு.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு தடவை கொடுக்கச் சொன்னார். பட்டறைத் தரையில் சாக்பீஸை வைத்து ஒரே இழுப்பில் ஆறடி வளைவு போடுகிற மனிதர். பேனாவை சாக்பீஸ் மாதிரியே பிடித்து, சிலேட்டையே குனிந்து பார்த்தபடி ஒரு வளைவு போட்டார். நிமிர்ந்தார். தேவி வீட்டு மொட்டை மாடிக்கு மேலே ஆகாயத்தில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

உதயா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். கையைப் பார்க்காமல் வேலை செய்யச் சொல்லும் இந்த சாமான் தனக்குச் சரிப்படாது என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். சதுர பைப்பை இப்படி வளைத்தால் மடங்கிப்போகும், உருண்டைக் கம்பியாகப் போடு என்றார். போட்டாள். தண்டெல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் வேலி மாதிரி இருக்கும், ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கட்டும் என்றார். சாக்பீஸ் என்றால் அழித்துத் துடைத்து முதலிலிருந்து வரவேண்டும். இதில் ஒரு பட்டனைத் தட்டினால் பழைய கோடு போய்விடுகிறது. அந்தப் பட்டன் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு தடவை காரணமே இல்லாமல் மாற்றச் சொல்லி, பிறகு பழையபடியே இருக்கட்டும் என்றார்.

தண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அதிகம் என்றார். கீழ்ப்பக்கம் நெருக்கமாக வரவேண்டுமாம். தீபா ரெண்டு வயசில் பட்டறை கேட்டுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியதை ஞாபகப்படுத்தினார்.

"அவங்க வீட்ல கொழந்த இல்ல மாமா."

"வரும்ல" என்றார் சுப்பராயலு.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறவர் அன்றைக்கு எழுந்து போகவில்லை. உதயா எடுத்து வந்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் அடுத்ததைச் சொன்னார். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் முட்டிவரை தண்ணீர் நிற்கும். சாதா இரும்பு நாலே மழையில் பொரிந்து உதிர்ந்துவிடும். தரையிலிருந்து ஒரு அடிக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் போட வேண்டும். விலை கூடுமே என்றாள். கூடினால் கூடட்டும் என்றார்.

எந்த கஸ்டமருக்கும் அவர் இப்படிச் சொல்லி உதயா கேட்டதில்லை.

அவர் அக்கறை கூடக்கூட அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. யாரோ தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை பாடுபடுகிறார். நாளைக்கு யார் வீடு என்று தெரியவந்தால், தன்னை ஏமாற்றி வேலை வாங்கிவிட்டாள் என்றல்லவா நினைப்பார்? புகுந்த வீட்டில் அவளிடம் ஒரு நாளும் முகம் கோணாதவர். தன் அம்மாவிடம் கேட்காததைக்கூட அவள் இவரிடம் கேட்டிருக்கிறாள். படம் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாலு மணிக்குப் படம் முடிந்தது. வலது ஓரத்தில் ஆள் போகச் சின்னக் கதவு, மிச்சத்தில் வண்டி போகப் பெரிய கதவு. பச்சை கலந்த கறுப்பில் நாணல் தண்டுகள் காற்றுக்குச் சாய்ந்த மாதிரி நின்றன. பின்னால் அந்த வீடு. தகரம் போன இடம் தெரியவில்லை. எப்போதோ பொருத்தி, பல காலமாக அங்கேயே இருக்கிற கேட் மாதிரி இருந்தது.

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தெருவில் ஷேர் ஆட்டோக்கள் கேம்ப் ரோடு, கேம்ப் ரோடு என்று கூவிக்கொண்டு போயின.

உதயா அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வீடு..."

"சின்னக் கதவுல தாழ்ப்பா வலது பக்கம் போட்ருக்க பாரு. அத எடுத்து இடது பக்கம் வை" என்றார் அவர். "கதவுக் கீலையும் இந்தப் பக்கம் மாத்திக்க."

"ஏன் மாமா? எல்லாருக்கும் இப்டித்தானே வைப்போம்?"

"அவ எதுக்கும் இடது கையத்தானம்மா நீட்டுவா."

உதயாவுக்குப் பேனா கையிலேயே நின்றுவிட்டது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேடவாக்கம் பக்கம் சரக்கு வாங்கப் போகும்போது இரண்டு தடவை அந்தத் தெரு வழியாக வண்டியில் போனதாகச் சொன்னார். நிற்கவில்லையாம். முதல் தடவை சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. இரண்டாம் தடவை வீடு முடிந்து, வாசலில் கேட் இல்லாமல் தகரம் வைத்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டித்தான் அவள் தினமும் வேலைக்குப் போய் வர வேண்டும்.

"நானு கேட் செய்யறவன். எம் பொண்ணு வூட்டு வாசல்ல தகரம்" என்றார். "அன்னியிலர்ந்து சரியா தூங்கல நானு."

உதயா படத்தைப் பெரிதாக்கி, தாழ்ப்பாளை அழித்து, இடது பக்கம் வரைந்தாள். அந்த ஒரு சின்னக் கோட்டைப் போட அவளுக்கு மூன்று தடவை ஆனது.

ஐந்தரைக்கு குமரவேல் வந்து சேர்ந்தான். வேனிலிருந்து பைப்பை இறக்கிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்த டேப்லெட்டின் காலி அட்டைப் பெட்டியை எடுத்தான். திருப்பி அனுப்பப் பதிவு செய்துவிடட்டுமா என்று உதயாவிடம் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் சுப்பராயலு, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொன்னார். வேலை நடந்துகினு கீது, சாமானை அனுப்பிவிட்டு எதில் வேலை செய்வதாம் என்றார்.

குமரவேல் திரையைப் பார்த்தான். தங்கை வீடு. அதில் ஒரு கேட். அப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, இந்தத் தண்டெல்லாம் நீ வரைந்ததா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றாள். அவள் தோளில் கையை வைத்தவன், அப்பா இருப்பது நினைவுக்கு வர எடுத்துக்கொண்டான். பிறகு பரவாயில்லை என்று மறுபடியும் வைத்தான்.

"போட்டோவ வச்சு டிசைன்தான் போட முடியும். அளவு வராது" என்றார் சுப்பராயலு, யாரிடமும் இல்லாமல். "நேர்ல போய் எடுக்கணும்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, தானே போய் எடுத்துவருகிறேன் என்றான் குமரவேல். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உதயா பக்கம் திரும்பினார்.

"அவங்க வூட்ல எப்ப இருப்பாங்க?"

எந்த நேரத்தைச் சொன்னால் அவருக்குச் சுலபமாக இருக்கும் என்று உதயா யோசித்தாள். அப்பாவும் மகளும் தனியாகப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று தோன்றியது. "ஒன்பது, ஒன்பதரைக்குப் போனா தேவி மட்டும் இருப்பா மாமா. அவர் சர்ச்சுக்குப் போயிட்டு வர பதினோரு மணி ஆயிடும்."

சுப்பராயலு மேசை இழுப்பறையைத் திறந்து அளவு டேப்பை எடுத்தார். ஒரு முழம் வெளியே இழுத்தார். விட்டார். அது சரேலென்று உள்ளே போயிற்று.

"அப்ப பதினொண்ணரைக்குப் போலாம்" என்றார். "அவரும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கப் போய்விட்டார். குமரவேல் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். லாசரஸை அவர் 'அவர்' என்று சொல்லி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

உதயா போனை எடுத்தாள். படத்தை தேவிக்கு அனுப்பினாள். கூடவே, நாளைக்குப் பதினொன்றரைக்கு அளவெடுக்க வருகிறோம், இரண்டு பேரும் வீட்டில் இருங்கள் என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது. கேட் அப்படியே மனசில் நினைத்த மாதிரி இருக்கிறது என்று நாலு வரி. பிறகு தேவி எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பது திரையில் தெரிந்தது. கடைசியில் இரண்டே வரி வந்தது.

'அண்ணி, தாழ்ப்பாளை இடது பக்கம் வைக்கச் சொன்னது யாரு?

நாளைக்கு யார் வர்றாங்க?'